டிரைவரம்மா தண்ணீர் குடிக்கத் தொடங்கிய வருடம்

நாங்கள் இருவரும் ஒரே பேருந்தில் ஒன்பது வருடம் ஓடினோம். அவர் ஓட்டுநர், நான் நடத்துநர். எங்கள் டிப்போவில் இருநூற்றுச் சொச்சம் ஓட்டுநர்களில் அவர் ஒருவர்தான் பெண். எல்லோரும் டிரைவரம்மா என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். என்னை அண்ணே என்பார்.

முதல் நான்கு வருடம் அவர் வண்டியில் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டில் காலையில் நிறைந்து வரும், மாலையில் அதே நிறைவோடு வீட்டுக்குப் போகும். வெயில் காலத்தில் எஞ்சின் மூடியில் கை வைக்க முடியாது. நான் மூன்று பாட்டிலைக் காலி செய்துவிட்டு நான்காவதற்குக் குழாய் தேடுவேன். அவர் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு கியர் மாற்றுவார்.

காரணம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. யோசித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் வழித்தடம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம். அந்தக் கோடியில் இருந்த நிலையத்தில் ஆண்களுக்கு ஒரு சுவர் இருந்தது. வண்டியை நிறுத்தியதும் நாங்கள் அந்தச் சுவருக்குப் பின்னால் போய் வரிசையாக நிற்போம். நேரக்காப்பாளர் அறையை ஒட்டி, கதவு போட்ட கழிப்பறை ஒன்றும் இருந்தது. ‘அதிகாரிகளுக்கு மட்டும்’ என்று எழுதிப் பூட்டியிருந்தார்கள். அதிகாரி வருடத்துக்கு இரண்டு முறை வருவார். மற்ற நாளெல்லாம் சாவி நேரக்காப்பாளரின் மேசை டிராயரில் படுத்துக்கிடக்கும்.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்று பழமொழி சொல்கிறோம். டிரைவரம்மா தலைகீழ். இரண்டாவதை அடக்கப் பழகிக்கொண்டார், முதலாவதை அடக்க அவருக்கு வரவே இல்லை. ஒருமுறை குறுக்கே லாரியை நிறுத்திவிட்டு, “பொம்பளைக்கு வழி விடணுமா” என்று கேட்டவனிடம், “பொம்பளைக்கு வேண்டாம், பின்னாடி அறுபது பேர் இருக்காங்க, அவங்களுக்கு விடு” என்றார். அவன் ரிவர்ஸ் எடுக்கும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

அப்படிப்பட்டவர் தன் வயிற்றிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தார். காலை நாலு நாற்பதுக்கு டியூட்டி. அந்த நேரத்தில் யாருக்குத்தான் வயிறு முழித்திருக்கும். எட்டு மணிக்கு, பாலத்து நெரிசலின் நடுவே மாட்டியிருக்கும்போது அது முழிக்கும். அடக்கிக்கொள்வார். “ரெண்டு வருசம் கழிச்சு அதுவும் கூப்பிடுறதை விட்டுடுச்சு அண்ணே. திறக்காத கதவை எத்தனை நாளைக்குத் தட்டும்” என்று பிற்பாடு சொன்னார். நாலு நாளுக்கு ஒருமுறை, ஐந்து நாளுக்கு ஒருமுறை, அதுவும் கண்ணீரோடு. இருக்கையில் ஒரு துண்டைச் சுருட்டி வளையமாகப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினார். நான் முதுகுவலி என்று நினைத்தேன்.

இதெல்லாம் வெளியே வந்தது அவருக்காக அல்ல, அவர் மகளுக்காக.

மகளுக்கு அப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. ஒருநாள் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது: ‘பிள்ளை உடையை அழுக்குச் செய்கிறாள். கழிப்பறைப் பழக்கம் வந்தபின் அனுப்பவும்.’ டிரைவரம்மாவின் கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர், சாதுவான மனிதர். அவர் பேதி என்று நினைத்துப் பேதிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தார். நாத்தனார் அடுத்த வீட்டில் இருந்தார். பள்ளி விட்டு வந்ததும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அவர் சோம்பேறித்தனம் என்றார். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு ‘நாத்தம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைப் பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை, பொம்மையைத் தூக்கி மூலையில் வைத்து, “நீ நாத்தம், அங்கேயே இரு” என்று சொல்வதை அம்மா கேட்டார்.

அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். அரசு மருத்துவமனையில் பிள்ளைகள் பிரிவில் இருந்த ஒரு பெண் டாக்டர். அவர் பிள்ளையைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, டிரைவரம்மாவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாராம். உள்ளே கூழாங்கல் மூட்டைபோல் இருந்தது.

“இது பேதி இல்லம்மா. அடைப்பு. உள்ள கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. அதைச் சுத்தித் தண்ணியா இருக்கிறது மட்டும் கசியுது. அவளுக்குத் தெரியாமலே கசியும். அவ மேல ஒரு தப்பும் இல்ல.”

“ஏன் டாக்டர் இறுகுது?”

“அடக்கினா இறுகும். ஒருதடவை வலிச்சா, அடுத்த தடவை பயந்து அடக்குவாங்க. அடக்க அடக்க இன்னும் இறுகும். ஸ்கூல்ல பாத்ரூம் எப்படி இருக்கு?”

டிரைவரம்மாவுக்குத் தெரியவில்லை. பிள்ளைதான் கூரையைப் பார்த்தபடி, “கதவுல தாப்பா இல்ல. பசங்க தள்ளுவாங்க” என்றாள். அதற்கு முன்னால் அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

டாக்டர் ஒரு வெள்ளைப் பவுடர் எழுதிக் கொடுத்தார். தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், ருசி ஒன்றும் பெரிதாக இருக்காது. நாத்தனார் சொன்ன விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று டிரைவரம்மா கேட்டிருக்கிறார். “அது குடலைச் சாட்டையால அடிச்சு விரட்டும். இது அப்படி இல்ல. ஸ்கூல்ல சவ்வூடு பரவல்னு படிச்சிருப்பீங்க. இந்தப் பவுடர் உடம்புல ரொம்பச் சேராது, குடல்லயே தங்கித் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். அந்தத் தண்ணியில கல்லு ஊறும், களிமண்ணாகும், அப்புறம் தானா வழுக்கிட்டு வரும். முதல்ல சில நாள் அளவைக் கூட்டிக்கிட்டே போய் மொத்தமாக் காலி பண்ணணும். அந்த நாள்ல கசிவு கூடத்தான் செய்யும், பயப்படாதீங்க. அதுக்கப்புறம் தினமும் கொஞ்சமா, மாசக்கணக்குல. நல்லாயிடுச்சேன்னு நீங்களா நிறுத்தக் கூடாது.”

எழுதி முடித்துவிட்டு டாக்டர் நிமிர்ந்தார். டிரைவரம்மா நாற்காலி விளிம்பில், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“உங்களுக்கு எத்தனை நாளைக்கு ஒருதடவை?”

யாரும் அவரையும் அதுவரை கேட்டதில்லை. சொன்னார். டாக்டர் அவரைப் பெரியவர்கள் பிரிவுக்கு அனுப்பி வைத்தார். அங்கேயும் சோதித்துப் பார்த்துவிட்டு அதே பவுடரைப் பெரிய அளவில் கொடுத்தார்கள். “ஆனா தண்ணி குடிக்கணும். நீங்க குடிக்கலேன்னா அது எதைப் பிடிச்சு வச்சுக்கும்?” என்று கேட்டார்களாம்.

பிள்ளைக்கு விடுமுறை வாரத்தில் ஆரம்பித்தார். டிரைவரம்மாவும் லீவு போட்டார். எட்டாம் நாள் டியூட்டிக்குத் திரும்பியதும், முதல் டிரிப்பிலேயே எஞ்சின் சத்தத்துக்கு மேலாக எல்லாவற்றையும் எனக்குச் சொன்னார். முன் இருக்கைகளில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் டிக்கெட் கிழிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“நாலாம் நாள் வந்துச்சு அண்ணே. நான் பெத்தப்போகூட அவ்வளவு சந்தோசப்படல. கால் தொங்காம இருக்க ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தேன். அப்படி உக்காந்தா சுலபமா இருக்குமாம்.”

“மெதுவாப் பேசுங்க டிரைவரம்மா, ஆளுங்க இருக்காங்க.”

“அவங்க வயித்துல மட்டும் பூவா இருக்கு?”

முன் இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நிறுத்தம் கழித்து அவரே எட்டிப் பார்த்து, அந்தப் பவுடருக்கு என்ன பேர் என்று கேட்டார். “பேரை நான் சொல்லி நீங்க வாங்காதீங்கய்யா, டாக்டரைப் போய்ப் பாருங்க” என்றார் டிரைவரம்மா.

அன்றைக்குத்தான் அந்தப் பாட்டில் பாதிவழியில் காலியானதை முதல்முதலாகப் பார்த்தேன். நிலையத்தில் வண்டியை நிறுத்தியதும் அவர் நேராக நேரக்காப்பாளர் அறைக்குப் போனார். நான் சுவர்ப்பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது, அவர் இன்னும் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“சாவி குடுங்க.”

“அது அதிகாரிகளுக்கும்மா.”

“தெரியும். எழுதியிருக்கு. சாவி குடுங்க.”

“இத்தனை வருசம் எப்படி ஓட்டினீங்க?”

“குடிக்காம ஓட்டினேன். இப்போ குடிக்கிறேன்.”

“எனக்கு உத்தரவு வேணும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.”

டிரைவரம்மா வெளியே வந்து பேருந்தின் முன் படியில் உட்கார்ந்துவிட்டார். புறப்படும் நேரம் ஆயிற்று. ஐந்து நிமிடம் கூடுதலாயிற்று. உள்ளே நாற்பது பேர். ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

“வண்டி எப்போ கிளம்பும்?”

“நான் போயிட்டு வந்ததும் கிளம்பும்.”

“எங்க போகணும்?”

“கக்கூசுக்கு.”

உள்ளே ஒரு சிரிப்பு எழுந்தது. ஆண்கள்தான் சிரித்தார்கள். நான் அவர் காதருகே போய், இந்த ஒரு டிரிப்பை விட்டுவிடுங்கள், டிப்போவில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க போயிட்டு வந்துட்டீங்களா அண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண் ஒருவர் தினமும் எங்கள் வண்டியில் வருவார். அவர் இறங்கி வந்து டிரைவரம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். “எனக்கும் போகணும்” என்றார். பிறகு கையில் குழந்தையோடு ஒருவர். பிறகு ஒரு நர்ஸ். ஆறு பெண்கள் வரிசை கட்டி நின்றதும் நேரக்காப்பாளர் டிராயரைத் திறந்தார். வண்டி இருபத்தொரு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

டிரிப் ஷீட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் எல்லோரும் எழுதுவது ‘போக்குவரத்து நெரிசல்’. டிரைவரம்மா குண்டு குண்டாக எழுதினார்: ‘ஓட்டுநருக்குக் கழிப்பறை மறுக்கப்பட்டது.’

மறுநாள் டிப்போ மேனேஜர் கூப்பிட்டார். நானும் போனேன், சாட்சிக்கு. அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு சங்கடப்பட்டார்.

“இதெல்லாம் எழுதுற விசயமாம்மா?”

“நடக்குற விசயம்தானே சார்.”

“நெரிசல்னு மாத்தி எழுதிடுங்க. நான் பார்த்துக்கிறேன்.”

“நெரிசல் என் வயித்துலதான் சார் இருந்துச்சு. ரோட்டுல இல்ல.”

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு எச்சரிக்கை மெமோ கொடுத்தார். நேரக்காப்பாளரும் சும்மா இருக்கவில்லை. சாவி தொலைந்துவிட்டது என்றார் ஒருநாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றார் இன்னொரு நாள். டிரைவரம்மா தினமும் குடித்தார், தினமும் கேட்டார், கிடைக்காத நாளெல்லாம் தாமதமானார், தாமதமான நாளெல்லாம் எழுதினார். ஐந்தாவது வாரம் மூன்று நாள் சஸ்பெண்டு செய்தார்கள்.

அந்த மூன்று நாளையும் அவர் வீணாக்கவில்லை. முதல் நாள் சீருடையைப் போட்டுக்கொண்டு மகளின் பள்ளிக்குப் போனார். பையில் ஒரு தாழ்ப்பாள், நான்கு திருகாணி, கணவரின் திருப்புளி. தலைமையாசிரியை, இதற்கெல்லாம் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றார்.

“வாங்குங்க டீச்சர். அது வர்றவரைக்கும் இது இருக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே கழிப்பறைக் கதவின் முன் மண்டிபோட்டு மாட்டத் தொடங்கினார்.

பிள்ளை கேட்டதும் வெளியே விடச் சொல்லி டாக்டர் எழுதித் தந்த கடிதத்தை வகுப்பு ஆசிரியை படித்துவிட்டு, “கேட்டப்பல்லாம் இவளை வெளிய விட்டா, எல்லாப் பிள்ளைங்களும் கேட்பாங்களே” என்றார்.

“கேக்கட்டும். போகட்டும். திரும்பி வந்து படிக்கட்டும்.”

தாழ்ப்பாள் ஆறு வயதுக் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறதா என்று மகளைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் உள்ளே போய்ப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். வெளியே இன்னும் நாலைந்து சிறுமிகள் வந்து நின்று, தாங்களும் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

இவ்வளவும் செய்தபிறகு வீட்டுக்குள்ளிருந்தே அடி விழுந்தது. பிள்ளை மூன்று மாதம் நன்றாக இருந்தாள். கசிவு நின்றுவிட்டது. தினமும் சாப்பிட்டபின் முக்காலியில் கால் வைத்துப் பத்து நிமிடம் உட்காருவாள். பிறகு மெல்ல மெல்ல மறுபடி அடைத்துக்கொண்டது. வயிறு உப்பிற்று, சாப்பாட்டைத் தள்ளினாள், மறுபடி உடையில் கறை. டாக்டர் கொடுத்தபடிதான் கொடுக்கிறோமே என்று டிரைவரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் பிள்ளைதான் சொன்னாள். சாயங்காலம் அத்தை தருவது வெறும் தண்ணீராம், பவுடர் இல்லையாம். இருபத்தைந்து நாளாக.

நாத்தனாரிடம் போனார். அவர் மறைக்கவில்லை.

“ஆமா, நிறுத்தினேன். பொண்ணு நல்லாத்தானே இருந்தா. காலம்பூரா பவுடர் இல்லாமப் போகவே முடியாத மாதிரி ஆயிட்டா யாரு கட்டிக்குவா? நான் அவ நல்லதுக்குத்தான் செஞ்சேன்.”

டிரைவரம்மா சத்தம் போடவில்லை என்று அவர் கணவரே என்னிடம் சொன்னார். அதுதான் தனக்குப் பயமாக இருந்தது என்றார்.

“அண்ணி, நீங்க அவளை வளர்க்குறீங்க, இல்லேங்கல. ஆனா கேக்காம நிறுத்தினீங்க. மூணு மாசம் அவ கஷ்டப்பட்டு மேல ஏறினா. நீங்க ஏணிய எடுத்துட்டீங்க. யாரு கட்டிக்குவான்னு அப்புறம் பார்க்கலாம். இப்போ அவ ரெண்டாங்கிளாஸ் போகணும்.”

மறுநாள் தன்னோடு நாத்தனாரையும் டாக்டரிடம் கூட்டிப்போனார். கூட்டிப்போனார் என்பதைவிட இழுத்துப்போனார் என்பதுதான் சரி. டாக்டர் அவருக்குத் தனியாக விளக்கினார். விரிந்துபோன குடல் பழையபடி சுருங்கி உணர்ச்சி பெற மாதங்கள் ஆகும், அதுவரை மலம் இளகியே இருக்க வேண்டும், அதற்குத்தான் பவுடர், இது குடலைச் சோம்பேறி ஆக்காது என்று. நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, “எனக்கும் இருக்கு டாக்டர், பதினாறு வருசமா” என்றாராம். வரும்போது கையில் அவருக்கும் ஒரு சீட்டு இருந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள், அளவைக் கூட்டி, காலி செய்து, பிறகு தினமும். இந்த முறை பவுடரைக் கரைத்துக் கொடுத்தது நாத்தனார்தான். கரண்டியை வழித்துக்கூடக் கொடுத்தார்.

டிப்போவில் இதற்குள் விஷயம் டிரைவரம்மாவின் கையை விட்டுப் போயிருந்தது. எங்களிடம் பெண் நடத்துநர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். அவர் சஸ்பெண்டு ஆன வாரமே அவர்களில் மூவர் டிரிப் ஷீட்டில் அதே வாசகத்தை, ‘நடத்துநருக்கு’ என்று மாற்றி, எழுதத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் பதினொருவரும். நான் அவர்களுக்குப் பிறகுதான் எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சுவர்ப்பக்கம் போகும்போதெல்லாம் அவர் கேட்ட ஒற்றைக் கேள்வி முதுகில் குத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் என் தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தாள்கள் தலைமை அலுவலகத்துக்குப் போயின. அங்கே யாரோ ஒரு புள்ளிவிவரக்காரர், ஒரே நிலையத்தில் ஒரே காரணத்துக்காக நூற்று நாற்பது தாமதங்கள் என்று பட்டியல் போட்டுவிட்டார். அதிகாரி பார்க்க வந்தார். வந்தவருக்கே அவசரம், வாரக்கணக்கில் திறக்காமல் கிடந்த பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை, நேரக்காப்பாளர் கல்லால் பூட்டை உடைத்ததை என் கண்ணால் பார்த்தேன். நான்கு மாதத்தில் அந்த நிலையத்தில் பெண்களுக்கு இரண்டு கழிப்பறை வந்தது. கதவு, தாழ்ப்பாள், குழாய், ஒரு வாளி. பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. ஆனால் பூட்டு இல்லை.

பிள்ளை பதினான்கு மாதம் பவுடர் குடித்தாள். கடைசி மூன்று மாதம் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். டிரைவரம்மா டாக்டர் சொன்னபடி அதற்கு முன்பே விட்டுவிட்டார். குடிக்கிற தண்ணீரும் கூப்பிட்டவுடன் போகிற பழக்கமும் அவருக்குப் போதுமாக இருந்தது. துண்டு வளையம் இருக்கையிலிருந்து காணாமல் போயிற்று.

ஒன்று மட்டும் தீராமல் இருந்தது. சஸ்பெண்டும் மெமோவும் அவர் பணிப் பதிவேட்டில் அப்படியே கிடந்தன. வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தால் நீக்கிவிடுகிறோம் என்றார்கள். கடிதத்தையும் அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள், கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. விசாரணை நாளில் மூன்று அதிகாரிகள் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். நான் கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

“எதுக்கு வருத்தப்படணும்னு சொல்லுங்க சார்” என்றார் டிரைவரம்மா.

“பயணிகளைக் காக்க வச்சதுக்கு.”

“நாலு வருசம் நான் காத்திருந்தேன். அதுக்கு யார் எனக்குக் கடிதம் தருவா?”

நடுவில் இருந்தவர் பேனாவை நகர்த்தினார். “ஒரு கையெழுத்துதானேம்மா. போட்டா உங்க ரெக்கார்டு சுத்தமாயிடும்.”

“அது அழுக்கா இல்ல சார், அப்படியே இருக்கட்டும். என் பொண்ணு பெரியவளானா எடுத்துக் காட்டுவேன்.”

பேனாவைத் தொடாமல் எழுந்தார். பதினொன்றே காலுக்கு எங்களுக்கு டிரிப் இருந்தது. வழியில் இருந்த குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, நின்றபடியே பாதியைக் குடித்துவிட்டு, “விசில் ஊதுங்க அண்ணே, நேரமாச்சு” என்றார்.